நேரம் கேட்டால் பதில் வரவில்லை: பகிர்ந்த காலண்டரில் தாமதத்தைப் பிடிப்பது

திண்டிவனம் கிளையில் இருக்கும் ஒருவர், விழுப்புரம் தலைமை அலுவலகத்து ஆறு பேரை வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவுட்லுக்கில் புதிய மீட்டிங் திறக்கிறார். ஷெட்யூலிங் அசிஸ்டென்ட் பக்கத்தில் ஆறு பெயரையும் சேர்க்கிறார். நீலக் கட்டங்கள் வர வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. அரை நிமிஷம் கழித்து நாலு பேருக்குக் கட்டம் வருகிறது. மற்ற இரண்டு பேருக்கு வெறும் சாய்கோடு. உடனே சிஸ்டம் பார்ப்பவருக்குப் போன் போகிறது. “சார், யாரு ஃப்ரீன்னே தெரியமாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு. நெட்டு ஸ்லோவா சார்?”

இந்த அத்தியாயம் அந்தப் போனை எடுப்பவருக்காக. நம் ஊர்களில் ஐ.டி. பிரிவு என்பது பெரும்பாலும் ஒரே ஆள்தான். பிரின்டர், சிசிடிவி, யுபிஎஸ் பேட்டரி எல்லாம் அவர் பொறுப்பு. நடுவில் வரும் இந்தப் புகாரை ‘கொஞ்ச நேரம் பொறுங்க, வந்துடும்’ என்று சொல்லித் தள்ளிவிடத் தோன்றும். தள்ளக் கூடாது. காலண்டரைப் பார்த்து நேரம் குறிக்க முடியாதவர்கள் இரண்டு வாரத்தில் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். அதன் பிறகு ஒரே அறைக்கு இரண்டு கூட்டம், ஒரே டாக்டருக்கு இரண்டு இடத்தில் டியூட்டி என்று குழப்பம் ஆரம்பிக்கும். கிளையில் இருப்பவர்கள்தான் அதில் அதிகம் அடிபடுவார்கள், ஏனென்றால் எழுந்து போய்ப் பக்கத்து மேஜையில் கேட்க அவர்களுக்கு வழி இல்லை.

நெட் ஸ்லோ என்பது அநேகமாகக் காரணமாக இருக்காது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் சுமார் 40 கிலோமீட்டர். சர்வர் கிளவுடில் இருந்தாலும்கூட, மைக்ரோசாஃப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை ஆகிய ஊர்களில் தரவு மையங்களைத் திறந்துவிட்டது. போய்த் திரும்பச் சில பத்து மில்லி வினாடிகள் போதும். ஆறு பேரின் ஒரு வார நேரக் கட்டங்கள் மிகச் சிறிய தகவல். யூடியூப் ஓடுகிற லைனில் அதைக் கொண்டுவர அரை நிமிஷம் ஆகாது.

அந்த அரை நிமிஷம் பயணத்தில் போவதில்லை, காத்திருப்பில் போகிறது. திண்டிவனம் ஸ்டேஷனில் ரத்தான பாசஞ்சருக்காக ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விழுப்புரம் வண்டி பிடித்தவரிடம் ‘பஸ் மெதுவாக வந்ததா’ என்று கேட்டுப் பயனில்லை. கம்ப்யூட்டரும் அப்படித்தான். முதலில் ஒரு வழியை முயல்கிறது, அங்கே பதில் இல்லை, கெடு முடியும்வரை நிற்கிறது, அடுத்த வழிக்குப் போகிறது, அங்கே நொடியில் வேலை முடிகிறது. பார்க்கிறவருக்கு ‘ஸ்லோ’ என்று தெரிவது உண்மையில் ஒரு தோல்வியும் அதன்பின் ஒரு வெற்றியும். நாம் தேட வேண்டியது அந்தத் தோல்வியை.

கேள்வி போகும் வழி

அவுட்லுக் 2003 வரை ஏற்பாடே வேறு. ஒவ்வொருவரின் அவுட்லுக்கும் தன் நேர விவரத்தின் நகலை சர்வரில் ஒரு பொது ஃபோல்டரில் போட்டுவைக்கும். இயல்பான அமைப்பில் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை. மற்றவர்கள் அந்த நகலைப் படித்தால் போதும். பதில் வேகமாக வரும், ஆனால் பழையதாக இருக்கலாம். எக்ஸ்சேஞ்ச் 2007-உம் அவுட்லுக் 2007-உம் இதை மாற்றின. இப்போது கேட்கும் நொடியில் அசல் காலண்டரையே போய்ப் பார்க்கிறார்கள்.

இதனால் ஒரே கேள்வி மூன்று கட்டமாகிவிட்டது. யாரிடம் கேட்பது என்ற முகவரியை அவுட்லுக் கண்டுபிடிக்க வேண்டும், இதற்குத்தான் ஆட்டோடிஸ்கவர். அந்த முகவரிக்குப் பாதுகாப்பான இணைப்பு போட வேண்டும். அதன்பின் சர்வர் ஒவ்வொருவர் மெயில்பாக்ஸையும் பார்க்க வேண்டும். அவர் வேறு சர்வரில் இருந்தால் அந்த சர்வரைக் கேட்க வேண்டும். மூன்றில் எங்கே வேண்டுமானாலும் வண்டி நிற்கலாம்.

தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் புகார் சொன்னவரிடம் நிதானமாகப் பேசுங்கள். காலையில் அவுட்லுக்கைத் திறந்த பிறகு முதல் தடவை மட்டும் இழுத்து, அப்புறம் சட்டென்று வருகிறதா? அப்படியென்றால் முகவரி தேடுவதில் கோளாறு. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இழுக்கிறதா? பாதையில் கோளாறு. ஒரு தடவை நொடியில், அடுத்த தடவை அரை நிமிஷமா? ஒரே பெயருக்கு இரண்டு முகவரி இருந்து அதில் ஒன்று செத்திருக்கலாம். குறிப்பிட்ட சிலரின் நேரம் மட்டும் வரவில்லையா? அவர்கள் இருக்கும் சர்வரைப் பாருங்கள். தாமதத்துக்கு எப்போதும் ஒரு தாளம் உண்டு; அதைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

சாய்கோட்டையும் கவனியுங்கள். பெயரைச் சேர்த்த உடனே சாய்கோடு விழுந்தால் சர்வர் பதில் சொல்லிவிட்டது, அந்தப் பதில் ‘தர முடியாது’ என்பது; பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை. நீண்ட நேரம் காலியாக இருந்து பிறகு விழுந்தால் பதிலே வரவில்லை. பார்க்க ஒன்றாகவே இருக்கும் இந்த இரண்டும் முற்றிலும் வேறு நோய்கள். எத்தனை வினாடி என்று கேட்டால் ‘ரொம்ப நேரம்’ என்றுதான் சொல்வார்கள், ஆகவே நீங்களே போன் ஸ்டாப்வாட்சை வைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. அதே நபர், அதே கணினி, அதே ஆறு பெயர். ஆனால் அவுட்லுக்குக்குப் பதில் பிரவுசரில் திறக்கும் வெப்மெயில். அங்கே நொடியில் வந்தால் சர்வருக்கும் மெயில்பாக்ஸுக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. கணினியில் இருக்கும் அவுட்லுக்கின் முகவரித் தேடலில்தான் சிக்கல். அங்கேயும் இழுத்தால், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து மறுபடி பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் சரியாக வந்தால் கிளையின் லைனும் ரவுட்டரும். அதிலும் இழுத்தால் சர்வர் பக்கம். பத்து நிமிஷத்தில் இது முடிந்துவிடும். இதைச் செய்யாமல் அவுட்லுக்கை அழித்துப் புதிதாகப் போடுவதில் அரைநாள் போவதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம்.

முதல் தடவை மட்டும் இழுத்தால்

மெயில் சர்வர் விழுப்புரத்தில் நம் கட்டடத்திலேயே இருக்கும் அலுவலகங்களில் அதிகம் வருவது இதுதான். கிளையை மட்டும் இது ஏன் பிடிக்கிறது என்பதையும் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

அவுட்லுக் வரிசையாகத் தேடும். டொமைனில் சேர்ந்த கணினியாக இருந்தால் ஆக்டிவ் டைரக்டரியில் எழுதிவைத்திருக்கும் எஸ்சிபி பதிவைப் பார்க்கும். விழுப்புரத்தில் எல்லாக் கணினியும் டொமைனில் இருக்கும், டொமைன் கன்ட்ரோலரும் அதே கட்டடத்தில் இருக்கும். முகவரி உடனே கிடைத்துவிடும். திண்டிவனத்தில் கடையில் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருக்கும். அதை டொமைனில் சேர்க்கவே முடியாது. எஸ்சிபி வழி அதற்கு இல்லை. அதனால் அது மின்னஞ்சல் முகவரியின் பின்பாதியை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் இருக்கும் நிறுவன இணையதளத்தையே 443 போர்ட்டில் தட்டி ‘மெயில் சர்வர் எங்கே’ என்று கேட்கும். பதில் இல்லையென்றால் அதே பெயருக்கு முன்னால் ஆட்டோடிஸ்கவர் என்று சேர்த்துக் கேட்கும். அதுவும் இல்லையென்றால் 80 போர்ட்டில் வேறு வழி காட்டுகிறார்களா என்று பார்க்கும், பிறகு டிஎன்எஸ்-இல் எஸ்ஆர்வி பதிவைத் தேடும்.

நிறுவன இணையதளம் இருப்பது வெளியே ஏதோ ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில். மெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த சர்வர் ‘இங்கே அப்படி ஒன்றும் இல்லை’ என்று 404 பதில் தந்தால் நஷ்டமில்லை, அவுட்லுக் நகர்ந்துவிடும். ஆனால் 443 போர்ட்டைத் திறக்காமல், வருகிற கேள்விகளைச் சத்தமில்லாமல் கீழே போடும்படி ஃபயர்வால் வைத்திருந்தால் தொல்லை. விண்டோஸ் ஒருமுறை தட்டிக் காத்திருக்கும், பதில் இல்லையென்றால் மறுபடி மறுபடி தட்டிப் பார்க்கும். மொத்தம் சுமார் 21 வினாடி. ஸ்டாப்வாட்சில் 21 அல்லது அதன் மடங்கை ஒட்டிய ஓர் எண் விழுந்தால் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

உறுதி செய்வது எளிது. கிளாசிக் அவுட்லுக் ஓடிக்கொண்டிருக்கும்போது, டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதன் ஐகான்மேல் கன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி ரைட் கிளிக் செய்யுங்கள். சாதாரணமாகக் காட்டாத ஒரு மெனு வரும். அதில் டெஸ்ட் இமெயில் ஆட்டோ-கான்ஃபிகரேஷன் என்பதைத் திறக்கவும். கெஸ்ஸ்மார்ட் என்று பெயர் கொண்ட இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டு டெஸ்ட் அழுத்தவும். லாக் பக்கத்தில் ஒவ்வொரு முயற்சியும் வரிசையாக விழும். எந்த வரிக்குப் பிறகு திரை அசையாமல் நிற்கிறதோ, அந்த முகவரிதான் பதில் சொல்லாமல் இருப்பது. ரிசல்ட் பக்கத்தில் அவைலபிலிட்டி சர்வீஸ் முகவரி என்ன வந்திருக்கிறது என்றும் பாருங்கள். அங்கே வெளியிலிருந்து எட்டாத உள்சர்வர் பெயர் இருந்தால், அது சர்வரில் வெளிமுகவரி நிரப்பப்படாததன் விளைவு. எக்ஸ்சேஞ்ச் நிர்வாகப் பக்கத்தில் வெப் சர்வீசஸ் வர்ச்சுவல் டைரக்டரியின் வெளிமுகவரியைச் சரியாகக் கொடுக்க வேண்டும்.

இணையதளம்தான் குற்றவாளி என்றால், முதலில் ஹோஸ்டிங் கம்பெனியிடம் 443-ஐத் திறந்து ஒரு முறையான பதில் தரச் சொல்லுங்கள். இணையதளத்துக்கு எப்படியும் சான்றிதழ் வேண்டும். இந்த ஒரு வேலையில் இரண்டும் சரியாகும். அவர்கள் இழுத்தடித்தால், கிளைக் கணினிகளின் ரெஜிஸ்ட்ரியில் இணையதளத்தைத் தட்டும் அந்த ஒரு படியை மட்டும் விலக்கும் மதிப்பை வைக்கலாம். ‘ஒரு படியை மட்டும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லா விலக்குகளையும் ஒரே ஸ்கிரிப்டில் போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து மெயிலை வேறு இடத்துக்கு மாற்றும்போது எந்தக் கணினியாலும் புது சர்வரைக் கண்டுபிடிக்க முடியாது, ஏன் என்று யாருக்கும் நினைவிருக்காது.

கிளையில் மட்டும், ஒவ்வொரு தடவையும்

வெப்மெயிலும் இழுக்கிறது, ஹாட்ஸ்பாட்டில் சரியாக இருக்கிறது என்றால் ரவுட்டரைப் பாருங்கள். விழுப்புரத்துக்கு விபிஎன் போட்டிருக்கும் கிளைகளில் பொட்டல அளவு அடிக்கடி சிக்கல் தரும். கணினி அனுப்பும் பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட். பிஎஸ்என்எல் ஃபைபர் போல பிபிபிஓஇ முறையில் லாகின் ஆகும் இணைப்பில் 8 பைட் அதற்கே போய்விடும், மீதி 1492. அதன்மேல் ஐபிசெக் விபிஎன் ஓடினால் இன்னும் குறைந்து 1400 பக்கம் வந்து நிற்கும். பெரிய பொட்டலம் நுழைய முடியாதபோது ‘சிறிதாக்கி அனுப்பு’ என்று ரவுட்டர் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைத்திருந்தால் அந்தச் செய்தி சேராது. அனுப்பியவர் அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவார். பல வினாடி கழித்து விண்டோஸ் தானாகவே சந்தேகப்பட்டு அளவைக் குறைக்கும், அப்போதுதான் பதில் வரும். சாதாரண பிங் மிக நன்றாக இருக்கும், ஏனென்றால் அது சிறிய பொட்டலம். அதனால்தான் லைன் கம்பெனிக்காரர் வந்து பிங் அடித்துக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

பிங் கட்டளையிலேயே ‘துண்டாக்காதே’ என்ற தேர்வும் அளவைக் குறிக்கும் தேர்வும் உண்டு. திண்டிவனத்திலிருந்து வெளியே உள்ள ஒரு முகவரிக்கு 1464 என்று அளவு கொடுத்துப் பாருங்கள். தலைப்பு 28 பைட்டும் சேர்ந்து 1492 ஆகும், அது போக வேண்டும். பிறகு விபிஎன் வழியாக விழுப்புரம் சர்வருக்கு 1400-இல் தொடங்கிப் பத்துப் பத்தாகக் குறைத்து வாருங்கள். பதில் வர ஆரம்பிக்கும் எண்ணோடு 28-ஐக் கூட்டினால் விபிஎன் குழாயின் உண்மையான அளவு தெரியும். அதிலிருந்து 40 கழித்து வரும் எண்ணை இரண்டு பக்க ரவுட்டரிலும் எம்எஸ்எஸ் மதிப்பாகப் போடுங்கள். காலண்டர் மட்டுமல்ல, ‘திண்டிவனத்தில் டேலி திறக்க நேரமாகுது’ என்று வேறு பெயரில் வந்துகொண்டிருந்த புகார்களும் அதே நாளில் குறையலாம்.

டிஎன்எஸ்-ஐயும் பாருங்கள். கிளைக் கணினியில் விழுப்புரம் சர்வரும் லைன் கம்பெனியின் சர்வரும் கலந்து எழுதியிருந்தால், மெயில் சர்வர் பெயருக்குச் சில நேரம் உள்முகவரியும் சில நேரம் வெளிமுகவரியும் கிடைக்கும். கிளை ரவுட்டரையே டிஎன்எஸ்-ஆக வைத்து, நம் டொமைன் பெயரை மட்டும் விழுப்புரத்துக்கு அனுப்பச் சொல்வது நல்லது. விபிஎன் விழுந்தாலும் இணையம் நிற்காது. ப்ராக்சி இல்லாத அலுவலகத்தில் ப்ராக்சியைத் தானாகத் தேடும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஃபயர்வால் கண்டிப்பாக இருக்கும் இடங்களில், சான்றிதழ் ரத்தாகியிருக்கிறதா என்று பார்க்கும் முகவரியும் அடைபட்டிருக்கலாம்; அந்தச் சரிபார்ப்பு 15 வினாடிவரை காத்திருக்கும்.

சில தடவை மட்டும் இழுத்தால்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக் கணக்கில் திண்டிவனத்துக்கு அருகே மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. இப்படிப்பட்ட மழை உள்ள ஊரில் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு லைன் வைப்பதுதான் முறை. ஆனால் இரண்டாவது லைன் வாங்கியதும், மெயில் சர்வர் பெயருக்கு டிஎன்எஸ்-இல் இரண்டு முகவரியையும் எழுதிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஒரு லைன் அறுந்தால் அந்த முகவரி டிஎன்எஸ்-ஐவிட்டுத் தானாக நீங்காது. வெளியிலிருந்து வரும் கேள்விகளில் ஒரு பங்கு செத்த முகவரிக்குப் போய், காத்திருந்து, பிறகு மற்றொன்றுக்கு வரும். லைன் திரும்ப வந்தபோது நிலையான முகவரி மாறியிருந்தால் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் ஓசையில்லாமல் இருக்கும், ஏனென்றால் எல்லாமே கடைசியில் வேலை செய்கிறது. இரண்டு முகவரியையும் தனித்தனியே, அலுவலகத்துக்கு வெளியே மொபைல் டேட்டாவிலிருந்து சோதியுங்கள். ஒரு லைன் விழுந்தால் பதிவை மாற்றுவது யார் வேலை என்பதை எழுதி ஒட்டிவையுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களின் நேரம் மட்டும் வராவிட்டால்

சிலரை மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாற்றிவிட்டு, மற்றவர்களை விழுப்புரம் சர்வரிலேயே வைத்திருக்கும் கலப்பு ஏற்பாட்டில் சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ள வேண்டும். கிளவுடில் உள்ளவர் விழுப்புரத்தில் உள்ளவரின் நேரத்தைக் கேட்டால், மைக்ரோசாஃப்டின் சர்வர் நம் லைன் வழியாக உள்ளே வர வேண்டும். நம் ஃபயர்வால் வெளிநாட்டு முகவரிகளைத் தடுப்பதும், சான்றிதழ் காலாவதியானதும் இங்கே வழக்கமான காரணங்கள். மைக்ரோசாஃப்டின் ரிமோட் கனெக்டிவிட்டி அனலைசர் என்ற இலவச இணையதளத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது.

எதிர்த்திசையில், உள்ளூர் சர்வரில் உள்ளவர்களுக்குக் கிளவுடில் உள்ளவர்களின் நேரமும் புரொஃபைல் படமும் ஒன்றாக மறைந்துபோனால், லைனைத் தேடி அலையாதீர்கள். கலப்பு ஏற்பாட்டுக்கெனத் தனிச் செயலியை ஒவ்வொரு நிறுவனமும் உருவாக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் 2025-ல் கட்டாயமாக்கியது. அது செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அவற்றை ஓட்டும் அலுவலகம் தாமதத்தைவிட முதலில் அதற்குத்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரே ஒருவரின் நேரம் மட்டும் வரவில்லை என்றால் அவர் காலண்டரைத் திறந்து பாருங்கள். முடிவுத் தேதியே இல்லாமல் பல வருஷமாக ஓடும் வாராந்தரக் கூட்டங்கள், நடுவில் நூறு முறை திருத்தியவை, இருக்கும். அவற்றை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். முழு அலுவலகக் குழுவின் பெயரையும் ஒரே அழைப்பில் போட்டு நேரம் பார்ப்பவர்களுக்கு, ஒரு கேள்வியில் 100 மெயில்பாக்ஸ்தான் எல்லை என்பதைச் சொல்லிவையுங்கள். ஜோஹோ, ஜிம்ப்ரா, கூகுள் என்று வேறு அமைப்பில் இருப்பவர்களுக்கும் மேலே சொன்ன லைன், டிஎன்எஸ், பொட்டல அளவுச் சோதனைகள் அப்படியே பொருந்தும். ஆட்டோடிஸ்கவர் பகுதியை மட்டும் விட்டுவிடலாம். மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் ஜோஹோவுக்கு மாறியிருப்பதால், அப்படிப்பட்ட அலுவலகங்களில் பழைய அமைப்பின் முகவரியோடு விட்டுப்போன கைப்பேசிக் காலண்டர் கணக்குகளை நீக்குவது முதல் வேலை.

ஹோஸ்டிங் கம்பெனிக்கோ லைன் கம்பெனிக்கோ எழுதும்போது ‘நெட் ஸ்லோ’ என்று எழுதாதீர்கள். ஸ்பீடு டெஸ்ட் படம் அனுப்பச் சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கணினியிலிருந்து எந்த முகவரியின் எந்தப் போர்ட்டுக்கு, எத்தனை வினாடி பதில் இல்லை, ஹாட்ஸ்பாட்டில் என்ன நடந்தது, இவ்வளவும் நாலு வரியில் இருக்கட்டும். சரிசெய்த பிறகு, புகார் சொன்னவர் கணினியிலேயே அவுட்லுக்கை மூடித் திறந்து அதே ஆறு பெயரை வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அவர் முதல் தடவை திறக்கும்போது எத்தனை வினாடி ஆனது என்று போன் செய்து கேளுங்கள். அந்த எண் வந்த பிறகு புகாரை மூடலாம்.